சனம் பஸ் பிடிச்சிட்டுது

நிப்பாட்டாதையுங்கோ தம்பி, பாருங்கோ. நான் எட்டிப் பாத்தது பிழைதான். இந்த ஜேர்மனியிலை பக்கத்து ஆளின்ரை ஃபோனை எட்டிப் பாத்தால் டொச்சுக்காரன் முறைப்பான். எங்கடை ஆக்கள் எண்டால் கோவிக்க மாட்டியள் எண்டு ஒரு நினைப்பு. தமிழ்தானே? ஓம், சித்தப்பா எண்டு தமிழிலை எழுதி ஒரு கோல் வந்தது, கண்டனான். சுவிஸ்சோ? கலியாண வீட்டுக்கு வந்தனீங்களோ? நல்லது, நல்லது.

அந்தச் சிவப்புக் காச்சட்டைக்காரன் இப்ப விழப்போறான், பாருங்கோ. ஒவ்வொருக்காலும் அடிச்சுப்போட்டு இடது கையைத் தாடைக்குக் கீழை இறக்கிறான். மூண்டு தரம் இறக்கிப்போட்டான். மற்றவன் அதைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறான். பொறுங்கோ... பாத்தியளே! விழுந்திட்டான்.

எப்பிடித் தெரியும் எண்டோ? என்ரை மகள் உந்தக் கம்பிக்கூட்டுச் சண்டையிலை அடிபட்டவள். அடிபட்டவள் எண்டால், சண்டை பிடிச்சவள் எண்டு சொல்லுறன். மற்றதும் நடந்ததுதான்.

என்ரை பேர் குலசிங்கம். டோர்ட்முண்டிலை இருக்கிறன். எண்பத்தாறிலை வந்தனான். பாண் செய்யிற கொம்பனி ஒண்டிலை பெட்டி அடுக்கிற வேலை. இப்ப பென்சன். ஒவ்வொரு ஞாயிறும் இந்த ரெயினிலைதான் போறனான். இன்னும் முக்கால் மணித்தியாலம் இருக்கு. உங்களுக்கு அலுப்பில்லையெண்டால் சொல்லுறன். அலுப்பெண்டாலும் சொல்லத்தான் போறன், வேறை ஆரும் இல்லை.

எல்லாம் அமெரிக்காவாலை வந்தது தம்பி. சிரிக்காதையுங்கோ. நான் வந்த காலத்திலை டோர்ட்முண்டிலை கால்பந்தைத் தவிர வேறை பேச்சே இல்லை. திங்கக்கிழமை காலமை பெட்டி அடுக்கேக்கை எல்லாரும் அதைத்தான் கதைப்பாங்கள். டோர்ட்முண்ட் தோத்தால் மேலதிகாரியே ஆரோடையும் கதையான். எனக்கும் அது விளங்கினது. எங்கடை ஊரிலையும் கால்பந்துதானே.

பேந்து ஒரு பத்துப் பதினஞ்சு வருசத்துக்கு முன்னாலை மெல்ல மெல்ல மாறத் தொடங்கிச்சுது. பெடியள் வளைஞ்ச சொண்டுத் தொப்பி போட்டாங்கள். என்ன கன்னை, எந்த ரீம் எண்டு கேட்டால் அவங்களுக்கே தெரியாது. ஞாயிறு பின்னேரம் ரிவியைப் போட்டால் முட்டை மாதிரி ஒரு பந்து, அதைக் கக்கத்துக்கை வைச்சுக்கொண்டு ஓடுறாங்கள், மற்றவங்கள் மாடு மாதிரி வந்து முட்டுறாங்கள். எங்கடை கொம்பனியிலை ஐம்பது வயசு டொச்சுக்காரன், அமெரிக்காவைக் கண்ணாலை காணாதவன், அங்கத்தை ஊர்ப்பேர் எழுதின சேட்டோடை வேலைக்கு வாறான். ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலையும் கூடைப்பந்துக் கம்பம் நட்டாங்கள். ஒருநாளும் நான் இதுக்குச் சம்மதிக்கேல்லை. என்னை ஆர் கேட்டவை?

மகளின்ரை பேர் ஆரபி. ஒரே பிள்ளை. நாங்கள் கலியாணம் முடிச்சு ஒன்பது வருசத்துக்குப் பிறகு பிறந்தவள். மனிசி தவமலர் அவளைப் பரதநாட்டியத்துக்கு விட்டவ. அஞ்சு வயசிலை இருந்து சனிக்கிழமை சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம், பேந்து டான்ஸ். நல்ல கால் அவளுக்கு. அரைமண்டியிலை இருந்தாள் எண்டால் அசையாள். பதினஞ்சு வயசிலை அரங்கேற்றத்துக்கு நாள் பாப்பம் எண்டு நிக்க, எனக்கு வேண்டாம் அப்பா, நான் கூடைப்பந்து விளையாடப் போறன் எண்டாள். சரி, பிள்ளையள் எல்லாம் செய்யுதுகள், ஒரு பந்துதானே எண்டு விட்டிட்டன். அங்கை ஆரோ ஒரு சிநேகிதப்பிள்ளை கூட்டிக்கொண்டு போய், ஊவே எண்டவரின்ரை சண்டை பழக்கிற ஜிம்மிலை விட்டிருக்கு. ஊவே டொச்சுக்காரன், மொட்டைத் தலை, காது ரெண்டும் நசுங்கிப் பூக்கோவா, அதுதான் கொலிஃபிளவர், அது மாதிரி இருக்கும். மனிசன் சத்தம் போட்டுக் கதையான்.

எங்களுக்கு ரெண்டு வருசம் தெரியாது. உடற்பயிற்சிக்குப் போறன் எண்டுதான் சொல்லுவாள். ஒருநாள் தவமலர் அவளுக்குத் தலை துடைக்கேக்கை கண்டிருக்கிறா, காதுக்குப் பின்னாலை நாவல்பழ நிறத்திலை கண்டல். கேக்கக் கேக்கப் பொய் சொல்லிப்போட்டு, கடைசியிலை சொன்னாள்.

நான் கையை ஓங்கினனான். அடிக்கேல்லை. மூண்டு மாசம் முகம் குடுத்துக் கதைக்கேல்லை. பொம்பிளைப் பிள்ளை, அரைக் காச்சட்டையோடை கம்பிக்கூட்டுக்கை நிண்டு, ஆரோ ஒருத்தியின்ரை கழுத்தைப் பிடிச்சு நசிக்கிறது! எங்கடை சனம் என்ன கதைக்கும்? ஆர் கட்டுவான்? தவமலரோடை சண்டை, நீதான் பிள்ளை வளத்த லட்சணம் எண்டு. ஆரபி அழேல்லை. நான் சாப்பிட இருந்தால் அவள் எழும்பிப் போவாள், அவ்வளவுதான்.

இப்ப கேளுங்கோ. அவளுக்கு இருபத்திரண்டு வயசு. ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவளின்ரை சண்டையை முதல்முதல் ரிவியிலை காட்டுறாங்கள் எண்டு தவமலர் சொன்னா. எனக்குத் தேவையில்லை எண்டு சொல்லிப்போட்டு, முருங்கைக்காய் வாங்கப் போறன் எண்டு தமிழ்க் கடைக்கு வெளிக்கிட்டன். அங்கை போனால் கடைக்காரர் விமலநாதன் கல்லாவுக்கு மேலை இருக்கிற ரிவியிலை அதைத்தான் போட்டு வைச்சிருக்கிறார். பத்துப் பதினஞ்சு பேர் அரிசி மூட்டைக்கு மேலை எல்லாம் ஏறி இருந்து பாக்கினம்.

"குலசிங்கண்ணை! உது உங்கடை பிள்ளையெல்லே?"

நான் திரும்பிப் போகத்தான் நினைச்சனான். அப்பத்தான் அந்த அறிவிப்பாளன், கோட்டுப் போட்டவன், மைக்கைப் பிடிச்சுக்கொண்டு சொல்லுறான்: "ஆராபீ... குலாஸிங்காம்!" மண்டபம் முழுக்கக் கத்துது.

தம்பி, இந்த நாட்டிலை எனக்கு அப்ப முப்பத்தஞ்சு வருசம். கொம்பனியிலை நான் குல்லி. டொக்டரிட்டைப் போனால் வாசல் மேசையிலை இருக்கிற பெட்டை கடதாசியைப் பாத்துப்போட்டு ஹெர் கே, மிஸ்டர் கே எண்ட மாதிரி, கூப்பிடும். முழுப்பேரை ஒரு டொச்சுக்காரன் வாயாலை நான் கேட்டதேயில்லை. அண்டைக்குத்தான் கேட்டன். இழுத்து, முழுசா, பாட்டு மாதிரி. என்ரை அப்பா வைச்ச பேர்.

ரெண்டாம் சுற்றிலை அவள் மற்றவளின்ரை முதுகிலை ஏறிக் கழுத்தை மடக்கிப் போட்டாள். கடையிலை சனம் என்னைத் தூக்காத குறை. விமலநாதன் எல்லாருக்கும் சோடா உடைச்சுக் குடுத்தார். நான் முருங்கைக்காயை அங்கையே வைச்சிட்டு வந்திட்டன். வீட்டை வந்து அவளுக்கு ஃபோன் அடிச்சு, "வெண்டிட்டாய் பிள்ளை" எண்டன். மற்றப் பக்கம் மூக்கை உறிஞ்சிற சத்தம். பேந்து விளங்கிச்சுது, அழுறாள்.

அதுக்குப் பிறகு நான் ஒரு சண்டையும் தவற விடேல்லை. ஜிம்முக்குப் போவன். ஆட்டெலும்பு சூப் வைச்சுப் போத்தலிலை கொண்டுபோவன், ஊவேயும் குடிப்பார். ஆர் எந்தக் கையாலை அடிப்பினம், எந்தக் காலை முன்னுக்கு வைப்பினம் எண்டு கொப்பி போட்டு எழுதினனான். சண்டைக்கு முதல் நிறை குறைக்க வேணும் எண்டு அவள் சுடுதண்ணித் தொட்டியிலை கிடப்பாள், நான் வாசலிலை கதிரை போட்டு இருந்து நேரம் சொல்லுவன். தண்ணி கேப்பாள். குடுக்கக் கூடாது. சொண்டிலை ஐஸ்கட்டி தடவிவிடுவன். தவமலருக்கு அதுகளைப் பாக்க ஏலாது, அவ வெளியிலை போயிடுவா.

மூண்டு மாசம் கதைக்காத மனிசன் இப்பிடி மாறிப்போட்டானே எண்டு நீங்கள் நினைப்பியள். தேப்பன் எண்டால் பிள்ளையின்ரை விருப்பத்துக்குத் துணை நிக்கத்தானே வேணும்?

சனமும் மாறிட்டுது. தமிழ்ப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு என்னைப் பிரதம விருந்தினராக் கூப்பிட்டவை. மாலை போட்டவை. கொம்பனியிலை அந்த மேலதிகாரி, முப்பது வருசம் என்னை நிமிந்து பாக்காதவன், வந்து கை குடுத்தான். ஆரபி ஒன்பது சண்டை பிடிச்சு எட்டு வெண்டவள். தோத்த ஒண்டும் மத்தியஸ்தரின்ரை பிழை. நான் இப்பவும் சொல்லுவன்.

பேந்துதான் உந்தச் சண்டையளை நடத்திற அமெரிக்கக் கொம்பனி வந்தது. ஐரோப்பாவிலை இப்ப இதுக்குச் சனம் சேருது எண்டு கண்டிட்டாங்கள். ஜேர்மனியிலை பெரிய மண்டபம் எடுத்து, அமெரிக்கா முழுக்க ரிவியிலை போடுறதா ஏற்பாடு. உள்ளூர்ப் பிள்ளையள் நாலு பேர் வேணும் எண்டு தேடேக்கை ஆரபியைக் கேட்டாங்கள். ஊவே ரெண்டு நாள் யோசிச்சவர். நான் யோசிக்கேல்லை.

எங்கடை சனம் இருநூறு பேர் ரிக்கெற் எடுத்தவை. லண்டனிலை இருந்து, பாரிஸிலை இருந்து, உங்கடை சுவிஸ்சிலை இருந்தும் வந்தவை. இஞ்சை கோயிலடியிலை இருந்து ரெண்டு பஸ். ஆரபியின்ரை படம் போட்டுச் சேட் அடிச்சவை, சின்னப் பிள்ளையளுக்கும் அளவா.

சண்டைக்கு மூண்டு கிழமை இருக்கேக்கை பயிற்சியிலை ஒருத்தியின்ரை முழங்கால் இவளின்ரை நெத்திப்பொட்டிலை பட்டிருக்கு. பெரிசா ஒண்டும் இல்லை எண்டு சொன்னாள். ஆனால் காலமையிலை யன்னல் சீலையை இழுத்து மூடிப்போட்டு இருப்பாள். ஒருநாள் தேத்தண்ணிக்கு ரெண்டு தரம் சீனி போட்டாள். பேந்து ஒருநாள் ட்ராமிலை இறங்க வேண்டிய இடத்தை விட்டிட்டு, எங்கை நிக்கிறன் அப்பா எண்டு எனக்கு ஃபோன் எடுத்தாள். பிறந்து வளந்த ஊர். நான் நினைச்சன், யோசனையிலை இருக்கிறாளாக்கும் எண்டு. ஆருக்கும் வாறதுதானே.

ஒரு வியாழக்கிழமை. நான் குசினியிலை மீன் வெட்டிக்கொண்டு நிக்கிறன். வந்து கதவு நிலையிலை சாஞ்சு நிண்டு கேட்டாள்:

"அப்பா, இந்த ஒண்டை விடட்டே?"

"ஏன் பிள்ளை?"

"தலை சரியில்லை. ஊவேட்டைச் சொன்னால் நிப்பாட்டிப் போடுவார். முதல் உங்களைக் கேப்பம் எண்டு வந்தனான்."

நான் விட வேண்டாம் எண்டு சொல்லேல்லை தம்பி. அதைச் சொல்லிப்போட வேணும். கட்டாயம் போ எண்டும் சொல்லேல்லை. ஆரும் அப்பிடிச் சொன்னால் அது பொய். நான் சொன்னது இவ்வளவுதான்: "உன்ரை விருப்பம் பிள்ளை. ஆனால் சனம் பஸ் பிடிச்சிட்டுது."

கிட்ட வந்தாள். பேந்து, "சரி அப்பா" எண்டாள். நான் வெட்டின மீனிலை ஒரு துண்டை எடுத்து மணந்து பாத்தாள், "எனக்கு மணமே தெரியேல்லை" எண்டு சொல்லிச் சிரிச்சுப்போட்டுப் போயிட்டாள்.

அவளே சரி எண்டு சொன்னவள். இருபத்துநாலு வயசு. நான் என்ன கட்டியா வைச்சனான்?

ஊவேதான் பிழை. பயிற்சி குடுக்கிறவன் கண்டுபிடிக்க வேண்டாமோ? கடைசிக் கிழமை என்னட்டைக் கேட்டவர், வீட்டிலை தலையிடி கிலையிடி எண்டு ஏதும் சொல்லுறவளோ எண்டு. நான் இல்லை எண்டன். இல்லை எண்டது பொய் இல்லைத் தம்பி. சின்னத் தலையிடி, வந்து வந்து போகும், அவ்வளவு பெரிசில்லை, ஆனால் இருக்கு... உதெல்லாம் டொச்சிலை எப்பிடிச் சொல்லுறது? என்ரை டொச் பெட்டி அடுக்கிற டொச். ஓம், இல்லை, நாளைக்கு வாறன். அதுதான் வரும்.

சண்டை நாள் மண்டபத்திலை பதினையாயிரம் சனம். எங்கடை ஆக்கள் ஒரு பக்கம் முழுக்க, பறை கொண்டுவந்து அடிக்கினம். எதிராளி பிரேசில் நாட்டுப் பெட்டை, மெலிஞ்சவள். முதல் சுற்று ஆரபி நல்லாத்தான் செய்தாள். ரெண்டாம் சுற்றிலை கை இறங்கத் தொடங்கிச்சுது. ஒருநாளும் அவள் கை இறக்கிறவள் இல்லை. மூண்டாம் சுற்றிலை நடுவிலை நிண்டுகொண்டு ஒருக்கா எங்கடை பக்கம் திரும்பிப் பாத்தாள். சண்டைக்கு நடுவிலை தம்பி! ஆரோ கூப்பிட்ட மாதிரி. அப்ப விழுந்தது ஒரு உதை, காதடியிலை.

விழுந்து எழும்பிட்டாள். கடைசி மணி அடிக்கும்வரைக்கும் நிண்டாள். புள்ளியிலை தோல்வி. தன்ரை காலாலை நடந்துதான் வந்தாள். எங்கடை சனம் எழும்பி நிண்டு கை தட்டினது. நான் மண்டபத்து ஒழுங்கைக்கை ஓடிப்போய்ப் பிடிச்சன். என்ரை முகத்தைப் பாத்துக் கேக்கிறாள், "அப்பா, நான் வெண்டனானோ?"

"இல்லைப் பிள்ளை. பரவாயில்லை, நல்லா அடிபட்டனி."

ரெண்டு நிமிசம் போகேல்லை. "அப்பா, நான் வெண்டனானோ?"

அந்த நேரம் பாத்து லண்டன் ஆக்கள் வந்திட்டினம். விமானத்துக்கு நேரமாகுது, ஒரு படம் எடுப்பம் எண்டினம். அவ்வளவு தூரத்திலை இருந்து வந்த சனம், எப்பிடி இல்லை எண்டுறது? சிரி பிள்ளை எண்டன். சிரிச்சாள். ஆறோ ஏழோ படம். அதிலை ஒண்டு என்ரை ஃபோனிலை இருக்கு. பாருங்கோ. என்ரை தோளிலை சாஞ்சு நிக்கிறாள், வடிவா இல்லையே? எல்லாரும் சொல்லுவினம், தேப்பனிலை எவ்வளவு பாசம் எண்டு. உண்மையிலை அவளுக்கு அப்பவே ஒரு கால் வேலை செய்யேல்லை எண்டு டொக்டர்மார் பேந்து சொன்னவை.

மூண்டாம் தரம் கேக்கேக்கை பாதியிலை சொல்லு நிண்டிட்டுது. "அப்பா, நான்..." எண்டாள். பிறகு சத்தி எடுத்தாள். பிறகு தவமலர் குளறின சத்தம்தான் எனக்கு ஞாபகம். அவ எப்ப அங்கை வந்தவ எண்டு எனக்குத் தெரியாது.

மண்டையைத் திறந்தவை. ஆறு கிழமை நித்திரை. பஸ்ஸிலை வந்த சனம் முதல் கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்தது, பழம் கொண்டுவந்து வைச்சது. ரெண்டாம் கிழமை ஃபோன் பண்ணினது. போன வருசம் விளையாட்டுப் போட்டிக்கு வேறை ஒருத்தரைக் கூப்பிட்டவை. பரவாயில்லை. ஊவே இப்பவும் புதன்கிழமை புதன்கிழமை வந்து அவளின்ரை கையைப் பிடிச்சு நடத்திறார் எண்டு கேள்வி. குற்றமுள்ள மனசு, வேறை என்ன.

ஓம், எழும்பிட்டாள். அதைச் சொல்ல மறந்திட்டன். கண் முழிச்சாள், சாப்பிடுவாள், தடி பிடிச்சு நடப்பாள். கதைக்கவும் தொடங்கினாள். ஆனால் தம்பி, தமிழ் போயிட்டுது. முழுக்க. ரெண்டு பாஷை தெரிஞ்ச ஆக்களுக்குச் சிலவேளை அப்பிடி நடக்குமாம், ஒண்டு நிக்கும், ஒண்டு அழிஞ்சுபோகும். அவளுக்கு நிண்டது டொச். நான் தமிழிலை கதைச்சால் என்ரை வாயைப் பாப்பாள், மழை பெய்யிறதைப் பாக்கிற மாதிரி. தவமலர் பிள்ளையள் பள்ளிக்கூடத்துக் குசினியிலை வேலை செய்தவ, அவவுக்கு நல்ல டொச். ரெண்டு பேரும் கதைப்பினம், சிலநேரம் சிரிப்பினம். நான் போனால் நிப்பாட்டிப் போடுவினம்.

தவமலர் இப்ப ஆரபியை வைச்சுப் பாக்கிற இல்லம் இருக்கிற ஊரிலையே அறை எடுத்து இருக்கிறா. அங்கை போனதிலை இருந்து என்னோடை ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. ஏன் எண்டு எனக்கு விளங்கேல்லை. அந்த வியாழக்கிழமை அவ வீட்டிலை இல்லை. ஆரபி ஏதும் சொல்லியிருப்பாளோ? டொச்சிலை?

டொக்டரைக் கேட்டன், தமிழ் திரும்பி வருமோ எண்டு. ரெண்டு வருசத்துக்குள்ளை வராட்டி வராது எண்டவர். வாற ஐப்பசியோடை மூண்டு வருசம்.

என்ரை ஸ்ரேசன் வந்திட்டுது. இந்தப் பையை ஒருக்காத் தாங்கோ. சூப்தான். குடிப்பாளோ தெரியாது, கொண்டுபோறனான்.

ஒண்டு சொல்லுறன். பாஷை போனாலும் வளத்த முறை போகேல்லை. டொச்சிலை 'டூ' எண்டால் நீ. இஞ்சத்தைப் பிள்ளையள் தாய் தேப்பனையே டூ போட்டுத்தான் கூப்பிடுங்கள், மரியாதை இல்லாமல். ஆரபியும் தாயை டூ எண்டுறாள். ஊவேயும் டூ. சாப்பாடு கொண்டுவாற பெட்டையும் டூ. ஆனால் என்னை மட்டும், ஒரு நாள் தவறாமல், 'ஸீ' எண்டுதான் சொல்லுவாள், கடையிலை, தெருவிலை முன்பின் தெரியாத ஆக்களுக்குச் சொல்லுற மரியாதைச் சொல்லு. நீங்கள். நான் உள்ளுக்கை போனால், நீங்கள் இருங்கோ எண்டு கதிரையைக் காட்டுவாள். வெளிக்கிட்டால், நீங்கள் வந்ததுக்கு நன்றி எண்டு கை குடுப்பாள். தேப்பன் எண்ட மரியாதை, பாத்தியளே? மண்டையைத் திறந்தும் அது போகேல்லை.

நீங்களும் டொச் தெரிஞ்ச ஆள். நான் சொல்லுறது சரிதானே?

இல்லை... சொல்ல வேண்டாம் தம்பி. கதவு திறந்திட்டுது.